மங்கம்மாள் ஊற்றிய மழை

டெல்சி டீச்சர் கேட்டது என்னவோ சின்ன விஷயம்தான். வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப் போடுகிற சாமான் ஏதாவது ஒன்றை ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள், அதை வைத்து விஞ்ஞானம் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர் மலைக்குக் கீழே சந்தவாசலில் பிறந்து வளர்ந்தவர். அங்கே குப்பையை அள்ள வண்டி வரும். மலைமேல் நெல்லிவாசல்நாட்டின் இந்தப் பன்னிரண்டு வீட்டு ஊரில் ஒரு குப்பைத் தொட்டியைக் கொண்டு வந்து வைத்தால், மறுநாள் காலையில் யாராவது அந்தத் தொட்டியையே தூக்கிப் போய்க் கோழி அடைத்திருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிற கோகிலவாணி சாயங்காலம் பையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"எம்மா, நம்ம வூட்ல வேணாத சாமான் இன்னா கீது?"

மங்கம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். "உங்கப்பன்தான்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் புருஷன் சந்திரன் மூன்று மாதமாகக் குடகில் காப்பித் தோட்டத்தில் கிடந்து உழைக்கிறான். பாவம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"வேணாத சாமானா? அப்படி ஒண்ணு நம்ம வூட்ல கெடையாதே."

"அந்த அறுந்த செருப்பு?"

"வாரெல்லாம் வாசப் படலுக்குக் கீலா அடிச்சிக்கீதே, கண்ணு தெரில?"

"ஒடைஞ்ச கொடம்?"

"மேல்பாதி எண்ணெ ஊத்தற பொனலு. கீழ்பாதில ஆடு தண்ணி குடிக்குது. உனுக்குக் குடுத்துட்டா ஆட்டுக்கு நீ கைல ஏந்திக் குடுப்பியா?"

கூல்டிரிங்ஸ் பாட்டில் நான்கு இருந்தன. நான்குக்கும் வேலை இருந்தது. ஒன்றில் விளக்கெண்ணெய், ஒன்றில் தேன், ஒன்று சாமை விதைக்கிற கொல்லைக்குத் தண்ணீர் கொண்டு போக, நான்காவதில் அவரை விதை. கோகிலா அந்த நான்காவதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கடைசியில் அவரை விதை பழைய புடவைத் துணிக்குள் முடிச்சாகி உத்திரத்தில் தொங்கியது. பாட்டில் பள்ளிக்கூடம் போனது.

திரும்பி வந்தபோது அதற்குத் தலை இல்லை. டீச்சர் கழுத்தோடு வெட்டி, வெட்டிய தலையையே கவிழ்த்துப் புனல் மாதிரி உள்ளே செருகியிருந்தார். பக்கவாட்டில் பத்துக் கோடு போட்ட காகிதம், அதன் மேல் நனையாமல் டேப்பு. மழை அளக்கிற பாட்டிலாம். கோகிலா அதை வாசலில் வைத்து மூன்று கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"தெனம் காலைல எத்தினி கோடுன்னு பாத்து நோட்ல எழுதிட்டு, தண்ணிய கொட்டிடணும். டீச்சர் சார்ட்ல ஏத்துவாங்க."

"மழைய அளந்து இன்னாடி பண்றது? விக்கப் போறியா?"

"வானத்த பத்தித் தெரிஞ்சிக்கறதும்மா."

வானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்த்தால் போதாதா, பாட்டிலைக் குனிந்து பார்க்க வேண்டுமா என்று மங்கம்மாளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை.

வினை வந்தது பாட்டிலால் அல்ல, சார்ட்டால். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் பிள்ளைகளின் பெயரும், பெயருக்கு நேராக எண்ணும். மங்கம்மாள் மூன்றாவது வரைக்கும் படித்தவள். மகள் பெயரை விரல் வைத்துத் தேடினாள். கோகிலவாணி, இரண்டு. அதற்குக் கீழே அடுத்த வீட்டுச் செல்லியின் மகன் அஜய், நான்கு.

பத்துக் கோட்டில் இரண்டு. மங்கம்மாளுக்குப் பத்துக்கு இரண்டு என்றால் ஒரே அர்த்தம்தான். மூன்றாவதோடு அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியதும் அப்படி ஒரு இரண்டுதான்.

செல்லி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் சும்மா நின்றிருக்கலாம்.

"இன்னாக்கா, உன் பொண்ணு ரெண்டுதானா? நல்லாதான படிக்கும்?"

"உம் புள்ள எப்படி நாலு வாங்குச்சி?"

"அவன் இன்னா பண்ணான்? எங்க வாசல்ல மழை நல்லா வுளுது."

"உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவுல ஒரு முருங்க மரம்தானடி கீது! மேகம் இன்னா, மரத்த பாத்துட்டு அந்தாண்ட திரும்பிக்குமா?"

"எனுக்கு இன்னாக்கா தெரியும்? மழை மவராசி எங்க வூட்டு மேல பெய்யுது" என்று சொல்லிவிட்டுச் செல்லி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அந்த உதறல் மங்கம்மாளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் விடியற்காலை வாசல் தெளிக்க எழுந்தவள் பாட்டிலைக் குனிந்து பார்த்தாள். ஒரு கோடு. கோகிலா உள்ளே சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இராத்திரி பத்து மணி வரைக்கும் படித்த பிள்ளைக்கு ஒரு கோடு! மங்கம்மாள் அந்தண்டை இந்தண்டை பார்த்தாள். அடுப்படியில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். ஒரு டம்ளருக்குச் சரியாக மூன்று கோடு ஏறியது. நான்கு. செல்லி மகனுக்குச் சமம். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. அவ்வளவு பேராசைக்காரி அல்ல.

ஆனால் அன்று சாயங்காலம் சார்ட்டில் அஜய்க்கு ஐந்து.

இப்படி நான்கு நாள் ஓடியது. ஆனி மாதம் முடிகிற சமயம். வானம் மூடி மூடி நின்றதே தவிர, மண்ணின் தூசி அடங்குகிற தூறலுக்கு மேல் பெய்யவில்லை. சாமை விதைக்கிற ஆட்கள் எல்லாம் கலப்பையைச் சரிபார்த்து வைத்துவிட்டு மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் மட்டும் நல்ல மழை.

ஒருநாள் காலையில் கோகிலா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எம்மா, மழைத் தண்ணில எப்படிம்மா கடுகு கெடக்கும்?"

மங்கம்மாள் களி உருட்டிய கையோடு பாட்டிலை எட்டிப் பார்த்தாள். தாளிப்புக் கரண்டி கழுவின டம்ளர் என்று இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்?

"காத்து அடிச்சிதில்ல?"

"கடுகு பறக்கற காத்தா?"

"ஊருக்குள்ள யாரோ தாளிச்சிருப்பாங்க. நாழியாவுது, பள்ளிக்கூடம் போ."

கோகிலா தண்ணீரை உள்ளங்கை வழியாகக் கொட்டினாள். கடுகை விரலால் எடுத்து நோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். அதே நாளில் மங்கம்மாளின் ஊறுகாய் பாட்டில் காணாமல் போனது. வாய் அகலமான, நெட்டுக்குத்தாக நிற்கிற நல்ல பாட்டில். தேன் ஊற்றி வைக்கலாம் என்று கழுவிக் காய வைத்திருந்தாள். வீடு முழுக்கத் தேடிவிட்டு, இது செல்லி கைவரிசைதான் என்று முடிவு கட்டினாள்.

"செல்லி, என் ஊறுகா பாட்டில எடுத்தியா?"

"நான் ஏங்க்கா எடுக்கறேன்?"

"கோடு போதலன்னு பெரிய பாட்டிலா வச்சிட்டியோன்னு கேட்டேன்."

"தோ பாரு, வந்து பாத்துக்க. அதே பாட்டிலு, அதே எடம். உனுக்கு வயித்தெரிச்சலு" என்று செல்லி படலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

சந்திரனிடம் பேசுவதென்றால் ஊருக்கு மேலே இருக்கிற வழுக்குப் பாறையில் ஏற வேண்டும். ஊரில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். பாறையின் வடக்கு விளிம்பில், வலது காலைச் சற்றுத் தூக்கினாற்போல நின்றால் தெளிவாகக் கேட்கும் என்பது அனுபவத்தில் கண்டது. வியாழக்கிழமை மங்கம்மாள் அப்படி நின்று பேசினாள். சும்மா நலம் விசாரிக்கப் போகவில்லை. பெருமை பேசத்தான் போனாள்.

"உங்க பொண்ணு இன்னிக்கு அஞ்சு கோடு!"

"இன்னா கோடு?"

மங்கம்மாள் பாட்டில் கதையைச் சொன்னாள். அந்தப் பக்கம் சந்திரனின் குரலே மாறிவிட்டது.

"அட, நம்ம எஸ்டேட்ல மேனேஜரு அதே மாதிரி டப்பாதான் வச்சிக்கிறாரு! அத பாக்காம ஒரு கைப்பிடி உரம் போட வுடமாட்டாரு. ஒரு கோடு எவ்ளோ ஒசரம்?"

"நெல்லு மணி நீட்டம் இருக்குங்க."

"ஒரே ராத்திரில அஞ்சு கோடா?"

"ஆமாங்க, அஞ்சு" என்றாள் மங்கம்மாள். பாட்டிலில் இருந்தது அஞ்சுதான். பொய் சொல்லவில்லை.

"அப்ப ஒரு ஒழவு மழை ஆச்சி! ரைட்டு, நா கெளம்பி வர்றேன்."

"இன்னாத்துக்குங்க?"

டவர் போய்விட்டது. மங்கம்மாள் இடது காலையும் தூக்கிப் பார்த்தாள், பிரயோஜனமில்லை. ஆடிப் பண்டிகைக்கு முன்னாலேயே புருஷன் வருகிறான் என்ற சந்தோஷத்தில் வேறொன்றும் யோசிக்காமல் இறங்கி வந்தாள்.

சந்திரன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கத்தில் பஸ் இறங்கி, ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பையை வைத்தான், மகளைத் தூக்கிச் சுற்றினான், பாட்டிலை நான்கு பக்கமும் குனிந்து பார்த்தான். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறி, சாணி மெழுகின விதைக்கூடையை இறக்கினான். அப்போதுதான் மங்கம்மாளுக்கு அவன் எதற்கு வந்தான் என்று புரிந்தது.

கூடையில் எட்டுப் படி சாமை இருந்தது. போன வருஷம் காட்டுப்பன்றி புகுந்து மிச்சம் வைத்த விளைச்சலில், வாயைக் கட்டி எடுத்து வைத்த விதை. அரை ஈரத்தில் போட்டால் மேலாக முளைத்து வேர் இறங்காமல் கருகும், முளைக்காதது எறும்புக்கு. இந்த எட்டுப் படி போனால் இந்த வருஷம் சோறும் இல்லை, அடுத்த வருஷம் விதையும் இல்லை. அது மங்கம்மாளின் ஒரு டம்ளர் தண்ணீரை நம்பிக் கொல்லைக்குப் போகப் போகிறது.

"இன்னாங்க, ரெண்டு நாளு பாத்துட்டு வெதைக்கலாமே."

"லீவு எட்டு நாளு. காலைல வெதச்சி ஓட்டிடலாம்."

"பெரிய மாமாவ கேட்டுட்டு..."

பெரிய மாமா என்றது சந்திரனின் பெரியப்பா மகன் ரங்கசாமியை. ஊருக்கே விதைப்பு நாள் சொல்கிறவர். அவர் சொல்கிற முறை எளிது. கொல்லையில் குந்தி, ஆட்காட்டி விரலை மண்ணில் குத்துவார். விரல் இரண்டு கணு இறங்கினால் விதைப்பு.

"அண்ணன் வெரலு எழுவது வயசு வெரலு" என்றான் சந்திரன். "இது சயின்சு."

"அப்பா, அந்த அஞ்சு..." என்று கோகிலா நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "நோட்ட பாருப்பா."

"நோட்டெல்லாம் அப்பால படிக்கலாம் கண்ணு. அஞ்சு கோடுன்னு அம்மா சொல்லிச்சி, பாட்டிலயும் பாத்துட்டேன். இது போதும்."

சொல்லிவிடலாம் என்று மங்கம்மாள் மூன்று தடவை வாயைத் திறந்தாள். திறந்தபோதெல்லாம் சந்திரன் மகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். எஸ்டேட்டில் தன் ஆட்களிடம் சொன்னானாம், மேனேஜர் செய்கிற வேலையை என் பொண்ணு பத்து வயசில் செய்கிறாள் என்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மூன்று தடவையும் வாயை மூடிக்கொண்டு, அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவள் கைக்கு ஊற்றுகிற வியாதி வந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் கொல்லையில் பாதி ஊரே கூடிவிட்டது. சந்திரன் பாட்டில் பார்த்து விதைக்கிறான் என்ற சேதி முந்தின நாளே பரவியிருந்தது. அடுத்த கொல்லையில் செல்லியும் அவள் புருஷன் அர்ச்சுனனும் விதைக்கூடையோடு நின்றார்கள். அவர்கள் பாட்டிலில் ஆறு கோடு அல்லவா! ரங்கசாமி கூப்பிடாமலே வந்து, யாரையும் பார்க்காமல் குந்தி விரலைக் குத்தினார். அரைக் கணுவில் நின்றுவிட்டது.

"எறங்கல" என்றார்.

"பாட்டில்ல எறங்கிக்கீதுண்ணா."

"பாட்டில்லயே வெத, போ."

"அண்ணா, கோச்சிக்காத. எஸ்டேட்ல ஐநூறு ஏக்கரு இத பாத்துதான் ஓடுது."

"ஐநூறு ஏக்கருக்கு வெரலு குத்த ஆளு கெடைக்கல, டப்பா வச்சிக்கிறான். நமக்கு வெரலு கீதே! இது எங்கப்பன் குடுத்த வெரலு!"

சந்திரன் மடியில் விதையைக் கட்டிக்கொண்டான். கிழக்கே கும்பிட்டான். முதல் கைப்பிடி எடுத்து வீசக் கையை ஓங்கினான். மங்கம்மாளுக்கு அந்தக் கைப்பிடிக்குள் எத்தனை கவளம் என்று தெரியும்.

"போடாதீங்க! அது நா ஊத்தின தண்ணி!"

கை அந்தரத்தில் நின்றது.

"இன்னா சொல்ற?"

"அஞ்சு கோட்டுல மூணு கோடு என்துங்க. ஒரு டம்ளரு. புள்ள பத்துக்கு ரெண்டு வாங்கிக்கினு நிக்குதேன்னு ஊத்திட்டேன். வுடாம ஒரு வாரமா ஊத்தறேன்."

 ரங்கசாமி தன் விரலைத் துடைத்து, ஊர் பார்க்கும்படி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். சந்திரனின் முகம் கறுத்தது. இருநூறு மைலுக்கு மேல் பஸ் ஏறி வந்திருக்கிறான், ஒரு டம்ளர் தண்ணீருக்காக.

"மழை மார்க்கு இல்லடி!" என்று கத்தினான்.

"எனுக்கு இன்னா தெரியும்? பத்துக் கோடு போட்டு பேரும் எழுதி செவுத்துல ஒட்டினா மார்க்குன்னுதான நெனைப்பேன்!" மங்கம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "புள்ளைய அடுத்த வருசம் நிறுத்திடுவாங்களோன்னு பயந்து போய்ட்டேங்க."

அப்போது அடுத்த கொல்லையில் செல்லி சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மங்கம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் செல்லி தன் புருஷனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"யோவ், நீயும் வெதைய கீழ வைய்யா."

அர்ச்சுனன் புரியாமல் பார்த்தான். "நமக்கு ஆறு கோடாச்சே?"

"நா சொம்புல ஊத்தினேன்."

கூட்டத்தில் இன்னும் இரண்டு பெண்கள் திடீரென்று வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ரங்கசாமி அவர்களைப் பார்த்து, "உங்க ரெண்டு வூட்டு மழையும் சொம்பா, டம்ளரா?" என்று கேட்டார். அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

"அப்ப மெய்யா எவ்ளோதான் பேஞ்சிது?" என்றான் சந்திரன், யாரையும் கேட்காமல்.

"ரெண்டு கோடு" என்றது ஒரு குரல்.

கோகிலவாணி. ஒரு கையில் நோட்டு, மறு கையில் மங்கம்மாளின் ஊறுகாய் பாட்டில். அதன் மேலும் பத்துக் கோடு போட்ட காகிதம் ஒட்டியிருந்தது.

"இது ஆட்டுக் கொட்டாய் கூர மேல இருந்துச்சிப்பா. அம்மா கை எட்டாத எடத்துல வச்சேன்."

சந்திரன் நோட்டை வாங்கிப் பிரித்தான். பக்கம் முழுக்க நேர் கோடு கிழித்து மூன்று கட்டம் போட்டிருந்தாள். கூரை, வாசல், அம்மா. வியாழக்கிழமைக்கு நேரே கூரை இரண்டு, வாசல் ஐந்து, அம்மா மூன்று. முந்தின நாளும் அம்மா மூன்று. அதற்கு முந்தின நாள் அம்மா நான்கு. அன்று பெரிய டம்ளர் என்று மங்கம்மாளே முனகினாள். பக்கத்தின் ஓரத்தில் கடுகு ஒன்று டேப்புப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"டீச்சருக்குத் தெரியுமாடி?" என்றாள் மங்கம்மாள் ஈனக் குரலில்.

"நேத்துதான் காட்னேன். அழிக்காத, எது மழை, எது மழை இல்லன்னு பக்கத்துல எழுதுன்னாங்க. அதான் எழுதினேன்."

"தெரிஞ்சிக்கினே ஏன் கண்ணு நேத்து எங்கிட்ட சொல்லல?" என்றான் சந்திரன்.

"நோட்ட பாருன்னேனே. நீதான் அப்பால படிக்கலாம்னே."

சந்திரன் மடியை அவிழ்த்து விதையை மறுபடி கூடையில் கொட்டினான். ஒரு மணி கூடச் சிந்தாமல் கொட்டினான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று அவள் தலையைக் குனிந்தாள்.

"பெரிய டம்ளரு வேறயா?" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். செல்லி வரப்பைத் தாண்டி வந்து, ஒரு வாரமாகப் பேசாதிருந்ததை மறந்து, "அக்கா, ஊறுகா பாட்டிலு கெடச்சிடுச்சி பாரு" என்றாள்.

மழை செவ்வாய்க்கிழமை வந்தது. மத்தியானம் மூடிய வானம் விடியும் வரைக்கும் விடவில்லை. புதன்கிழமை காலையில் தூறல் நின்றதும் கோகிலா வெளியே வந்தாள். மங்கம்மாள் வாசலில் இருந்து பத்தடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வாசல் கூடத் தெளிக்கவில்லை.

"வாசல் ஆறு" என்றாள் கோகிலா. ஏணியில் ஏறினாள். "கூரையும் ஆறு."

சந்திரன் விதைக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டான். ஆனால் நேரே போய் விதைக்கவில்லை. ரங்கசாமி வந்து குந்தி விரலைக் குத்தும் வரைக்கும் கொல்லை ஓரத்தில் மரியாதையாகக் காத்திருந்தான். விரல் இரண்டு கணுவும் இறங்கி, அதற்கு மேலும் கொஞ்சம் போனது. ரங்கசாமி மண் ஒட்டிய விரலைத் தூக்கிக் கோகிலாவிடம் காட்டினார்.

"என் வெரலையும் ஒரு கட்டம் போட்டு எழுதிக்க."

கோகிலா நான்காவது கட்டம் கிழித்து, பெரியப்பா விரல், இரண்டரைக் கணு என்று எழுதிக்கொண்டாள். மங்கம்மாள் மெல்ல மகள் பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"எனுக்கு எத்தினிடி போட்டுக்கிற?"

"உனுக்கு சைபரும்மா."

சைபர் வாங்கி மங்கம்மாள் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. "செல்லி, எனுக்கு சைபரு!" என்று அடுத்த கொல்லைக்குக் கேட்கக் கத்தினாள். "உனுக்கு எத்தினி?"